அட்டைப்பெட்டி அக்காவும் கம்பெனி விலையும்

எங்கள் தெருவுக்குள் நுழைந்து அட்டைப்பெட்டி அக்கா வீடு எது என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் கை காட்டுவார்கள். அவர் என் அண்ணனின் மனைவி, எனக்கு அண்ணி. நான் மேல்மாடியில் குடியிருக்கும் நாத்தனார். நாத்தனார் என்றதும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு வாய் நீளம்தான். ஆனால் என் அண்ணியை வேறு யாராவது ஒரு சொல் சொன்னால் அது இன்னும் நீளும்.

அண்ணியின் தொழில் ரொம்ப எளிது. மின்சாதனக் கடை எதையாவது மூடுகிறார்கள் என்றால் முதலில் போய் நிற்பது அவர்தான். விற்காமல் கிடக்கும் மிக்ஸிகளை மொத்தமாக, பில் போட்டு வாங்குவார். போன வருஷத்து நிறம் என்று கடைக்காரன் ஓரம் கட்டியதையும் எடுத்துக்கொள்வார். பிறகு தன் போனிலேயே ஒரு ஆன்லைன் கடை வைத்து, கம்பெனி விலையைவிடக் குறைத்து விற்பார். அரைக்கிற மிக்ஸிக்குப் போன வருஷம் என்ன, இந்த வருஷம் என்ன?

வீட்டின் கூடத்தில் மனிதர்கள் உட்கார இடமில்லை. சோபாவின் மேல் பெட்டி, சோபாவின் அடியில் பெட்டி. ஒவ்வொன்றையும் திறந்து, ஓட்டிப் பார்த்து, துடைத்து, மறுபடி ஒட்டித்தான் அனுப்புவார். இன்னொரு வேலையும் செய்வார். மிக்ஸியின் அடியில் விலை அச்சடித்த சீட்டு ஒன்று இருக்கும். தலைமுடி காயவைக்கும் டிரையரைக் காட்டிச் சூடேற்றி, அதை ஒட்டிய தடமே தெரியாமல் உரித்துவிடுவார்.

"பரிசா குடுக்கத்தான் நிறையப் பேர் வாங்கறாங்க. விலையோட குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்பார்.

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் எங்களைக் கொண்டுபோய் முட்டுச்சந்தில் நிறுத்தியது.

ஒரு காலை அண்ணி போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தும் நகரவில்லை. அவர் விற்கும் மிக்ஸிகள் போலி என்று கம்பெனி புகார் கொடுத்திருக்கிறது, விசாரணை முடியும்வரை கடை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அந்த ஆன்லைன் தளத்திலிருந்து செய்தி வந்திருந்தது.

மத்தியானமே கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். குரலில் தேன் ஒழுகியது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், நாங்க சொல்ற விலைக்குக் கீழ விக்க மாட்டேன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. புகாரை உடனே வாபஸ் வாங்கிடறோம்."

எனக்கு வந்ததே கோபம்! "ஏங்க, கையெழுத்துப் போட்டா போலி அசலாயிடுமா? அப்படி என்ன மந்திரக் கையெழுத்து அது?" என்று குறுக்கே புகுந்தேன்.

"நீங்க யாரு மேடம்?"

"நாத்தனார்!"

அவர் போனை வைத்துவிட்டார்.

சிரிப்பு வந்தாலும் நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. என் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த வேனை விற்றுத்தான் இந்தச் சரக்கை எடுத்திருந்தார்கள். முதுகு வலியால் அவரால் இனி வண்டி ஓட்ட முடியாது. கூடத்தில் அடுக்கியிருந்த பெட்டிகள்தான் அவர்களுடைய சம்பளம், சேமிப்பு, எல்லாம். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார்.

"பெரிய இடத்தோட மோத முடியுமா? கடை திறந்தாப் போதும், விடு."

"திறந்து? கம்பெனி விலைக்கே நான் வித்தா என்கிட்ட ஏங்க வாங்கணும்? நேரா கம்பெனி கடையிலயே வாங்கிக்க மாட்டாங்களா?" என்றார் அண்ணி. "காசு குடுத்து வாங்கினது நான். வாங்கினப்பறம் அது என் பொருள். இதுல போலின்னு ஒரு பழி வேற. மடியில கனமிருந்தாதானே வழியில பயம்? நான் நிரூபிக்கறேன்."

நிரூபிக்கக் கிளம்பிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஆன்லைன் தளத்துக்குப் பில்லை அனுப்பினோம். பில் கொடுத்த கடையே மூடிவிட்டது, கேட்டுச் சரிபார்க்க ஆளில்லை என்றார்கள். அப்படியானால் ஒவ்வொரு மிக்ஸிக்கும் கம்பெனி கொடுத்த எண்ணைக் காட்டுங்கள், அது இருந்தால் போதும் என்றார்கள். அந்த எண் எங்கே இருந்தது தெரியுமா? விலை அச்சடித்த அதே சீட்டில்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சரக்கு வந்த வாரமே எல்லாச் சீட்டையும் உரித்துக் குப்பையில் போட்டாயிற்று.

அண்ணி டிரையரைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் எறிந்தார். அடுத்த நாள் அண்ணன் பேனாவைத் தேட ஆரம்பித்தார். நான்கூட, என் வாயையும் மீறி, "போட்டுடலாமோ அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. சில மாதங்களுக்கு முன் அண்ணியிடம் மிக்ஸி வாங்கிய ஒரு பாட்டுடீச்சர். எடுத்தவுடனே உச்சஸ்தாயியில் பிடித்தார்.

"என்னம்மா நீங்க? நேத்து வந்த உங்க ஆளு என் தரையெல்லாம் கிரீஸ் ஆக்கிட்டுப் போயிட்டான்!"

"என் ஆளா? எனக்கு ஆளே கிடையாதுங்களே."

"மிக்ஸி நின்னு போச்சுன்னு கம்பெனிக்கு போன் பண்ணினேன். ஒருத்தன் வந்தான். அடியைக் கழட்டினான், மோட்டார்ல இருந்த நம்பரைப் பார்த்தான், இன்னும் கியாரண்டி இருக்குன்னு சும்மாவே புது மோட்டார் போட்டுட்டான். அதெல்லாம் சரி. தரையை யாரு துடைக்கிறது?"

அண்ணி போனை இறுகப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. எதுல நம்பர் பார்த்தான்?"

"மோட்டார்லம்மா! காதுல விழலையா? உள்ள பொறிச்சிருக்கே!"

திட்டு வாங்கி ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "நான் வந்து துடைக்கிறேன் டீச்சர், இன்னைக்கே வர்றேன்!" என்று சொல்லிவிட்டு அண்ணி ஸ்க்ரூடிரைவரைத் தேடி ஓடினார். அண்ணன் ஒரு மிக்ஸியைக் கவிழ்த்துப் பிடித்தார். நான் டார்ச் அடித்தேன். அடி மூடி கழன்றதும், மோட்டாரின் இரும்பில், எந்த டிரையருக்கும் அசையாத எழுத்தில், எண் இருந்தது. அடுத்த பெட்டி. அதிலும் இருந்தது. சாயங்காலத்துக்குள் கூடமெல்லாம் கவிழ்ந்த மிக்ஸிகள். எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினோம். டீச்சரும் கியாரண்டியில் மோட்டார் மாற்றிய ரசீதைப் படமெடுத்து அனுப்பினார். கூடவே தரையையும் படமெடுத்து அனுப்பினார்.

அண்ணி சொன்னபடி போய்த் தரையைத் துடைத்துவிட்டு வந்தார்.

தளத்துக்காரர்கள் அந்த எண்களைக் கம்பெனிக்கு அனுப்பி, இவை உங்களுடையவையா என்று கேட்டார்கள். தங்கள் ஆளே கியாரண்டி கொடுத்த பொருளைப் போலி என்று எந்த வாயால் சொல்வார்கள்? ஆமாம் என்று ஒத்துக்கொண்டார்கள். கடை திறந்துவிட்டது. பொருள் அசல் என்பதால் விற்கத் தடையில்லை, விலையை விற்பவரே முடிவு செய்துகொள்ளலாம் என்றும் செய்தியில் எழுதியிருந்தது. அண்ணி அதை மூன்று தடவை சத்தமாக வாசித்தார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எங்களுக்கு.

தேன்குரல்காரர் மறுபடி பேசினார். "மேடம், அசல்தான், ஒத்துக்கறோம். ஆனா விலையைக் கொஞ்சம் ஏத்திக்கலாமே. எங்க கடைக்காரங்கல்லாம் வருத்தப்படறாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கையமர்த்தினார்.

"சார், உங்ககிட்ட நான் எதுலயும் கையெழுத்துப் போடல. விலையை நீங்கதான் சொல்லணும்னா, சரக்கைத் திருப்பி எடுத்துக்கங்க. வாங்கின விலையையே குடுங்க, போதும். வண்டி எப்ப அனுப்பறீங்க?"

அவர் "மேல கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றார். இன்றுவரை மேலே கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

போனை வைத்ததும் அண்ணி பெட்டிகளுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பயந்து பக்கத்தில் போனேன். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் ஒரு மின்சாதனக் கடையில் விற்பனைக்கு நின்றவர் அவர். வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும், முதலாளியைக் கேட்காமல் ஒரு காசு குறைக்க அவருக்கு உரிமை கிடையாது. இதை அவர் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்.

அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். நிறுத்தியிருந்த கடை திறந்ததால் ஒவ்வொரு பொருளுக்கும் விலையை மறுபடி பதிய வேண்டியிருந்தது. எழுத்துக்கூட்டி ஒவ்வொரு கட்டமாக நிரப்பியவர், விலைக் கட்டம் வந்ததும் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார்.

"என்ன விலை போடட்டும், சொல்லு" என்றார்.

அண்ணி கால் நீட்டி, ஒரு பெட்டியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "பழைய விலையே போடுங்க. நான் கொஞ்ச நேரம் தூங்கறேன்" என்றார்.