பெரிய கப்பலை ஏன் வேண்டாம் என்றாள்?

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. புனேயில் மழை விட்டு, கணபதி பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். கட்கி பஜாரின் பின்சந்தில் இருந்த ஒரு டிராவல்ஸ் கடைக்கு, கப்பல் பயணம் பற்றி விசாரிக்க நானும் என் கணவரும் போனோம்.

கடலே இல்லாத புனேயில், தாபோடிப் பக்கம் குடியிருக்கும் எங்களுக்குக் கப்பல் எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருந்தது. என் கணவர் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே அவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு சிறுநீரை அடக்க முடியாத தொல்லை வந்துவிட்டது. உணர்வு வந்தால் உடனே போயாக வேண்டும். ஒரு முறை சிவாஜிநகர் போகும் பஸ்ஸில் சங்கடமாகிவிட்டது. அன்றோடு வெளியே போவதையே நிறுத்திவிட்டார்.

வேலூரில் அவருடைய தங்கை மகள் கல்யாணத்துக்கு என்னை மட்டும் அனுப்பினார். யாராவது கேட்டால் முட்டிவலி என்று சொல்லச் சொன்னார். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளுக்கே உண்மை தெரியாது. மழையிலும் குளிரிலும் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த மனிதர், ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தே கிடந்தார். மீதிக் காலமும் இவருக்கு இந்த ஜன்னலோடு முடிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு.

அப்போதுதான் பேப்பரில் கப்பல் விளம்பரம் வந்தது. படத்தில் ஒரு கட்டில், ஒரு வட்ட ஜன்னல், கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாத்ரூம் கதவு. அவர் அதை வெகு நேரம் பார்த்தார்.

"ரூமே நம்ம கூட வருது பாரு" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவராக ஓர் இடத்துக்குப் போக ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளே அவரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பின்னால் வீட்டுக்குள் போகும் வழியில் ஒரு திரை. நாற்பது வயது மதிக்கத்தக்க மராட்டிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவரைக் காகா என்றும் என்னைக் காகூ என்றும், சித்தப்பா சித்தி முறை வைத்துக் கூப்பிட்டாள். கப்பல் பயணம் போக வேண்டும் என்று நாங்கள் எங்கள் அரைகுறை இந்தியில் சொன்னோம்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இங்கே இருக்கும் தமிழர்கள் பலருக்கும் உண்டு. துணிக்கடையோ டாக்டர் வீடோ, எதிரில் இருப்பவருக்கு நம் பாஷை தெரியாது என்ற தைரியத்தில், அவர் முகத்துக்கு நேரேயே எல்லாவற்றையும் தமிழில் பேசிக்கொள்வோம். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். அப்படிப்பட்ட நானே தமிழில் என்றால் தாராளமாகப் பேசுவேன்.

உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்தார். "ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்கான்னு கேளு."

"நீங்களே கேளுங்க."

"பொம்பளகிட்ட நான் எப்படி கேக்கறது? அடக்க முடியலன்னு சொல்லவா? முட்டிவலின்னு சொல்லி கேளு."

எனக்கும் நாக்கு எழவில்லை. அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, இரண்டு கப்பலிலும் ஒவ்வொரு அறைக்கும் தனி பாத்ரூம் உண்டு என்று இந்தியில் சொன்னாள். நாங்கள் கேட்கவே இல்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டு கப்பலுமே பம்பாயிலிருந்து கிளம்புகிறவை. இரண்டுமே பெரியவைதான். ஆனால் ஒன்று மிகப் பெரியது, புத்தம் புதியது. நீச்சல் குளம், நாடக மேடை எல்லாம் உண்டு, தீவுகளுக்குப் போய்வரும். இன்னொன்று கொஞ்சம் பழையது, டிக்கெட் விலையும் குறைவு, கோவா வரை போய்த் திரும்பும். அவருக்குப் பெரிய கப்பல் மேல்தான் கண். அந்தப் பெண்ணோ அதன் படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, உங்களுக்கு இதுதான் சரி என்று பழைய கப்பலை முன்னால் தள்ளினாள்.

"கம்மி விலைய எந்தக் கடைக்காரியாவது தள்ளுவாளா? ஓட்டைக் கப்பலா இருக்கும்" என்றார் அவர்.

"இன்ஜினுக்கு மேல ரூம் குடுப்பாங்களோ என்னமோ" என்றேன் நான்.

எங்கள் சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. தொண்ணூறுகளில் அதிக வட்டி தருகிறோம் என்று வந்த ஒரு கம்பெனியில் சேமிப்பைப் போட்டு ஏமாந்தவர்கள் நாங்கள். அங்கேயும் இப்படித்தான் காகா காகூ என்று கூப்பிட்டார்கள், குடிக்கக் குளிர்பானம்கூடக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யார் இனிமையாகப் பேசினாலும் எங்களுக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

அவள் விடவில்லை. தீவில் துறைமுகம் கிடையாது, பெரிய கப்பல் நடுக்கடலில் நிற்கும், சின்னப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள், பகல் முழுக்க மணலில்தான் இருக்க வேண்டும், நினைத்த நேரத்தில் கப்பலுக்குத் திரும்ப முடியாது என்றாள். கோவாவில் அப்படி இல்லை, கப்பல் கரையைத் தொட்டு நிற்கும், வேண்டும்போது இறங்கலாம், வேண்டும்போது ஏறி அறைக்கு வந்துவிடலாம் என்றாள். அதையே இரண்டு தடவை சொன்னாள்.

"நம்மள ஏன் திரும்பத் திரும்ப ரூமுக்கு அனுப்பறா?" என்றார் அவர்.

மணி ஒன்றைத் தாண்டியது. மதியம் ஒரு மணி ஆனால் புனே கடைக்காரர்கள் வாங்க வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு ஷட்டரை இறக்குவார்கள். பிறகு சாயங்காலம்தான் திறப்பார்கள். எதிர்க்கடை, பக்கத்துக் கடை எல்லாம் மூடியாகிவிட்டது. இவள் மட்டும் அசையவில்லை. எனக்கே லேசாகப் பயம் வந்தது. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அவர் நாற்காலியின் கையைப் பிடித்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"வந்துடுச்சி. கெளம்பு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

பொதுக் கழிப்பறை பஜாரின் அந்தக் கோடியில் இருந்தது. அதுவரை தாங்காது என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணின் முன்னால் ஏதாவது ஆகிவிட்டால் இனி இவர் வாசல்படிகூடத் தாண்டமாட்டார். நான் எழுந்தேன். எனக்கு முன்னால் அவள் எழுந்துவிட்டாள். டீ குடிக்காமல் போகக் கூடாது, டீ போடப் போகிறேன், அதற்குள் காகா உள்ளே கை கழுவிக்கொள்ளட்டும், இடது பக்கம் முதல் கதவு என்று சொல்லித் திரையை விலக்கிப் பிடித்தாள்.

அவருக்கு யோசிக்க நேரமில்லை. போய்விட்டார். நான் பையைக் கட்டிக்கொண்டு, கூச்சல் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டியபடி நின்றேன். முன்பின் தெரியாத ஆளை எந்தப் பெண்ணாவது வீட்டுக்குள் அனுப்புவாளா? அவர் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு முழுசாகத் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"உள்ள வேற ஒரு ஆளையும் காணோம். எதுக்கு என்னை உள்ள அனுப்பினா? இவ முழியே சரியில்ல" என்றார் உட்கார்ந்ததும். அவள் டீயை எங்கள் முன்னால் வைத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

பெரிய கப்பல்தான் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். எனக்கோ அந்தச் சின்னப் படகே கண்ணில் நின்றது. அதில் நாலு பேர் நடுவே இவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல் ஒரு காட்சி. எந்தக் கடையிலும் வாய் திறக்காத நான், அன்று சத்தமாக "கோவா கப்பல்" என்று சொல்லிவிட்டேன். மூழ்கினால் உன்னால்தான் என்றார் அவர்.

வழியெல்லாம் ஒரே பேச்சு. யாரோ நம் விஷயத்தை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மாடி வீட்டுக்காரியின் மேல் சந்தேகப்பட்டு, கொஞ்ச நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டிக்கெட் கைக்கு வந்த பிறகும் அவருக்கு நம்பிக்கை இல்லை. பம்பாய் துறைமுகத்தில் அப்படி ஒரு கப்பலே இருக்காது என்றார்.

கப்பல் இருந்தது. ஓட்டை இல்லை. எங்கள் அறை இன்ஜின் பக்கமே இல்லை, சாப்பாட்டுக் கூடத்துக்கு எதிரிலேயே இருந்தது. முதல் நாள் அவர் அறைக்கும் மேல்தளத்துக்கும் நடந்து நடந்து பழகிக்கொண்டார். கோவாவில் இறங்கினார், பாதியில் வேகமாகக் கப்பலுக்கு ஏறிப்போனார், மறுபடி இறங்கி வந்தார். "பாத்தியா, திரும்ப வந்துட்டேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊர் திரும்பிய பிறகு, வழியில் எங்கெங்கே போக வசதி உண்டு என்று பார்த்துவைத்துக்கொண்டு, தானே காய்கறி வாங்கப் போக ஆரம்பித்தார்.

கொஞ்ச நாள் கழித்து கட்கி பஜாரில் பூ வாங்க நின்றிருந்தேன். பூக்காரம்மா எங்கள் வேலூர்ப் பக்கத்துக்காரர். எனக்கு முன்னால் நின்ற பெண் அவரிடம் பேரம் பேசினாள்.

"ஏன்க்கா, நேத்து பூவுக்குத் தண்ணி தெளிச்சி என் தலையில கட்றியா?"

கட்கியை அடுத்த போபோடியில் நம் ஆட்கள் பேசும் அதே தமிழ். குரல் எங்கோ கேட்டது போல் இருந்தது. அவள் திரும்பினாள். டிராவல்ஸ் கடைப் பெண். அன்று அந்த மேஜைக்கு முன்னால் நாங்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

அவளும் ஒரு கணம் திகைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "கப்பல் ஓட்டையா இருந்துச்சாம்மா?"

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. என்னைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனாள். போபோடியில் பிறந்து வளர்ந்தவளாம். அவர்கள் சந்தில் இரண்டு பக்கமும் தமிழ் வீடுகள், பாதிச் சாப்பாடு அங்கேதானாம்.

"நீங்க உக்காந்ததும், எனக்கும் தமிழ் தெரியும்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள ஐயா அந்த விஷயத்த சொல்லிட்டாரு. அப்புறம் நான் எப்படிம்மா சொல்லுவேன்? எழுந்து போயிருப்பாரு. வேற எங்கயும் போய்க் கேட்டிருக்கவும் மாட்டாரு."

நான் தலையைக் குனிந்தபடி, அந்த முழி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரும் அதான் சொல்றாரு, விடுங்க" என்றாள். "ஐயாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. அடுத்த வருடம் ரயிலில் காசி போக ஆசைப்பட்டு அவராகவே அந்தக் கடைக்குக் கூப்பிட்டார். அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இவளுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா ராசியான கை" என்று என்னிடம் தமிழில் சொன்னார். காகா என்ன சொல்கிறார் என்று அவள் இந்தியில் கேட்டாள். நீ நன்றாக விளக்கிச் சொல்கிறாய் என்கிறார் என்று நான் இந்தியில் சொன்னேன். அவள் உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்தது. கேட்காமலேயே கழிப்பறைக்குப் பக்கத்தில் கீழ்ப் படுக்கை போட்டுக் கொடுத்தாள்.

என் கணவர் இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது. துக்கம் கேட்க அவள் வந்தபோது வீட்டில் நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம். மாலை போட்ட அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கடைசிவரை இந்தியிலேயே பேசினாள். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டீங்களாம்மா?" என்று தமிழில் கேட்டாள்.

நான் இன்றைக்கும் சந்தேகப்படுகிறவள்தான். ஆனால் ஒருவர் என்னிடம் எதையோ மறைக்கிறார் என்று தோன்றும்போது, அதை யாருக்காக மறைக்கிறார் என்று இப்போதெல்லாம் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கிறேன்.