சிலுப்பாத சேவல்

எங்கள் ஊர்க் கோழிகள் ஏன் காக்கை அளவுக்குச் சிறுத்துப் போயின என்பதைக் கண்டுபிடித்தவள் நான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கு முன்னால் அந்த ஊரில் யாருக்கும் அது தோன்றவில்லையே, பெருமைப்படாமல் என்ன செய்வது?

கல்யாணமாகி மாகறலிலிருந்து நான் வந்தபோது, சீரோடு சீராக ஒரு செவலைப் பெட்டைக் கோழியும் கூடையில் வந்தது. புகுந்த ஊர் திருப்புலிவனத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில். அங்கே வீட்டுக்கு வீடு கோழி உண்டு. ஆனால் முட்டை எலுமிச்சங்காய் அளவுதான் இருக்கும், ஓடு விரல் பட்டாலே நொறுங்கும். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு கவனித்தேன். எந்த வீட்டிலும் கொண்டை சிவந்து, மார்பு அகன்று நிற்கிற முதல் சேவல் ஆடியில் அம்மனுக்குப் போகும். அதற்கு அடுத்தது தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளைக்கு. அறுத்தால் ஒரு வாய் குழம்புக்குத் தேறாது என்று எல்லோரும் விட்டுவைத்த நோஞ்சான் ஒன்று மிஞ்சும். ஊரில் பொரிக்கிற குஞ்சுகளுக்கெல்லாம் அப்பன் அதுதான்.

"ஏங்க, விதைநெல்லுக்கு நீங்க பதரயா எடுத்து வெக்கறீங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கோழிய இன்னா வேணா பண்ணிக்கோ. நெல்லுல கைய வெக்காத" என்றார். அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

உத்திரமேரூர்ச் சந்தையில் நல்ல சேவல் ஒன்றை வாங்கி என் செவலையோடு சேர்த்தேன். அது முட்டையிட இட, ஒவ்வொன்றிலும் கரியால் கோடு போட்டு வைப்பேன். கதவு ஓட்டையில் விழுகிற வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, ஓட்டில் திட்டுத்திட்டாகத் தெரிவதைக் குழம்பில் போடுவேன். கெட்டியாகவும் பெரிதாகவும் இருப்பதைத்தான் அடைக்கு வைப்பேன். ஏரிக்கரையில் நத்தை ஓடு பொறுக்கி வந்து இடித்துத் தவிட்டில் கலந்து போட்டேன், முட்டை ஓடு தடித்தது. முருங்கைக்கீரையை அரிந்து போட்டேன், மஞ்சள் கரு நிறம் ஏறியது. பக்கத்து வீட்டு நோஞ்சான் சேவல் வேலி தாண்டி வந்தால் விளக்குமாற்றோடு துரத்துவேன். நான் மாப்பிள்ளை பார்ப்பதாகத் தெருவே கேலி பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருஷம் அவன் பிறந்தான். அந்தச் சேவலை அவன் என்றுதான் சொல்ல வருகிறது. கழுத்து பழுத்த நெல் நிறம், மார்பு கறுப்பு, வாலில் பச்சை மினுமினுப்பு. கொண்டை சாயாமல் ஐந்து விரலாக நிமிர்ந்து நிற்கும். அவன் வழியில் பிறந்த பெட்டைகள் இட்ட முட்டை என் உள்ளங்கையை நிறைத்தது.

தை மாதம் உத்திரமேரூர் பிளாக் ஆபீசில் மாடு, கோழிக் காட்சி வைத்தார்கள். கூடையில் தூக்கிக்கொண்டு போனேன். மாட்டு டாக்டர் அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல சேவல்தாம்மா. ஆனா வாலு பூரா சாணியா கீதே, குளிப்பாட்டிக் கொண்டாந்தா இன்னா?" என்றார். கூடி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறேன் என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டு திரும்பினேன்.

அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எனக்குத் தலை முழுக்கு, அவனுக்கும் தலை முழுக்கு. சீயக்காய்த் தண்ணீரை வெதுவெதுப்பாகக் கலக்கி ஊற்றுவேன். முதல் நாள் என் கையைப் பிறாண்டி ரத்தம் வரவழைத்தான். நாலைந்து வாரத்தில் பழகிவிட்டான். தலையில் தண்ணீர் விழுந்தால் கண்ணை மூடிக்கொள்வான். முதுகில் விழுந்தால், அடுத்தது அங்கேதான் என்று தெரிந்து, தானாக இறக்கையைத் தூக்கிக் காட்டுவான். மற்றக் கோழிகள் போல உடம்பைச் சிலுப்பவும் மாட்டான். பழைய வேட்டியால் நான் துடைத்துவிடும்வரை நின்றது நின்றபடி நிற்பான். என் மாமியார் போகும்போதும் வரும்போதும் இதையெல்லாம் பார்ப்பார்.

பங்குனியில் என் வீட்டுக்காரர் டைபாய்டில் படுத்தார். மூன்று வாரம் கஞ்சிகூட இறங்கவில்லை. ஒரு நாள் கண் செருகியபோது மாமியார் அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக் கதறினார். "எம் புள்ளய எழுப்பி வுட்டுடு தாயே! வூட்ல கீற சேவல்லயே நல்ல சேவலா ஒனக்குக் குடுத்துடறேன்." பக்கத்தில் நின்று நானும் அழுதுகொண்டே தலையை ஆட்டினேன். அம்மன் புண்ணியத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

ஆடி பிறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் இருக்கிற சேவல்களிலேயே நல்ல சேவல் எது? ஊரிலேயே நல்ல சேவல் அதுதானே! அதை அப்படி ஆக்கியவளும் நான்தானே! அவன் போனால் மறுபடி நோஞ்சான் வேலி தாண்டுவான். என் மூன்று வருஷமும் கோயில் வாசலில் குழம்பாகிவிடும்.

"ஒண்ணுக்கு ரெண்டா வேற சேவல் தர்றேன் அத்த. இது மட்டும் வேணாம்" என்று கெஞ்சினேன்.

"நல்லது தர்றேன்னு சாமிக்கு வாய் வுட்டாச்சு. ஒம் புருஷன் உசுர வுட சேவலு பெருசாப் பூட்சா ஒனக்கு?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பெண்டாட்டியால் பதில் சொல்ல முடியும்? பிழைத்து எழுந்த மகராசனாவது வாயைத் திறக்கலாம். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்கு நழுவிவிட்டார். எனக்கு அம்மன் மேல் கோபமில்லை, அவர் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. போகிறவன் நன்றாகப் போகட்டும் என்று அன்று காலையிலும் குளிப்பாட்டினேன். சீயக்காய்த் தண்ணீரோடு என் கண்ணீரும் விழுந்தது. இருந்தாலும் ஒரு நப்பாசை, இரண்டாவது சேவலையும் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம். ஆடானாலும் சேவலானாலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். மூன்று தடவை தெளித்தும் சிலுப்பாவிட்டால் உத்தரவு இல்லை, அறுக்கக் கூடாது. உத்தரவில்லாமல் திரும்பியதாக அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஈரம் பட்டால் எந்தக் கோழிதான் சிலுப்பாது?

பூசாரி வேப்பிலையை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து அவன் தலையில் தெளித்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் யோசிக்கவே இல்லை.  "சிலுப்பாதடா, சிலுப்பாதடா" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் தடவை கையால் அள்ளி ஊற்றினார். அவன் அசையவில்லை.  பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். மூன்றாம் தடவை, பூசாரிக்கே சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ, ஒரு சொம்புத் தண்ணீரையும் அவன் முதுகில் கவிழ்த்தார். என் ராஜா நிதானமாக வலது இறக்கையைத் தூக்கிக் காட்டினான்.

பயமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமியார் ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆத்தா உத்தரவு குடுக்கல. வேற சேவல் கீதா?" என்றார் பூசாரி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி தங்கமான மனுஷன், சாமி சொல்லைத் தாண்டமாட்டார். கூடையிலிருந்த இரண்டாவதை நீட்டினேன். முதல் சொட்டுக்கே அது சிலுப்பிய சிலுப்பில் பூசாரி முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. அம்மா, இதில் தப்பிருந்தால் தண்டனையை என் தலையில் வை, அவர் மேல் வைக்காதே என்று வேண்டிக்கொண்டேன். ஒரு மாதம் என் வீட்டுக்காரர் தும்மினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவரோ முன்னைவிடத் தெம்பாக இரண்டு ஆள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த தையில் காட்சிக்குப் போனோம். கவர்மெண்ட் பண்ணை வெள்ளைச் சேவல்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் அவனை இறக்கி விட்டேன். வெயில் கழுத்தில் பட்டதும் கூட்டம் அந்தப் பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தது. அதே டாக்டர் வாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சாணியா இருக்கும்? நாட்டுக்கோழியில் முதல் பரிசு அவனுக்கு. அப்புறம் முட்டைப் போட்டி. என் முட்டையைத் தட்டத்தில் உடைத்து ஊற்றினார்கள். மஞ்சள் கரு பரவாமல், குண்டாக, செக்கச்செவேலென்று எழும்பி நின்றது. அதற்கும் முதல் பரிசு. இரண்டு எவர்சில்வர் தூக்கோடு, போன வருஷம் சிரித்தவர்கள் நடுவில் நடந்து வந்தேன். அன்று நடந்த நடையை இன்றைக்கு நினைத்தாலும் முதுகு தானாக நிமிர்கிறது.

பிறகு தெருவே வந்து அடைமுட்டை கேட்டது. கேலி பேசியவர்கள்தான் முதலில் வந்தார்கள். "அம்மனே வேணாம்னு வுட்ட சேவலு" என்று மாமியார் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். நோஞ்சான்கள் ஒவ்வொன்றாகக் குழம்புக்குப் போயின.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. அவன் மகன், அப்பனைத் தூக்கிச் சாப்பிடுகிற அழகோடு, முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தான். சமையலறையிலிருந்து மாமியார் வந்தார். கையில் ஒரு குண்டான், ஆவி பறக்கிற சீயக்காய்த் தண்ணீர். என் முன்னால் வைத்தார்.

"இவனுக்கும் இப்பவே ஊத்த ஆரம்பி. ஆடிக்கு இன்னும் மூணு மாசந்தான் கீது" என்றார்.

 அவர் குனிந்து, அந்த இளஞ்சேவலைப் பிடித்து, அதன் வலது இறக்கையைத் தூக்கிக் காட்டினார்.