டிக்கெட்டின் பின்பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பிரிஸ்கில்லா கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, மகளிர் இலவச டிக்கெட்டைத் திருப்பி வைத்துக்கொள்கிறாள். மேலே ஒரு தொகை எழுதுகிறாள்; அது ஏதோ ஒரு கம்பெனியின் மொத்தக் கடன். அதற்குக் கீழே அந்தக் கம்பெனி வருசத்துக்குச் சம்பாதிப்பது. மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால், கடன் அடைய எத்தனை வருசம் என்று தெரிந்துவிடும். மம்சாபுரம் விலக்கு வருமுன் விடை வந்துவிடும்.

"மூணு வருசம்னா கம்பெனி தாங்கும். அதுக்கு மேல போச்சுன்னா எனக்குச் சோறு எறங்காது" என்பாள்.

ராஜபாளையத்தில் ஆடிட்டர் பெலிக்ஸ் ஆபீசில் அவளுக்கு இது இருபத்திரண்டாவது வருசம். படிப்பு பி.காம். கையெழுத்தும் சீலும் ஆடிட்டருடையவை. ஆனால் கடன் ஃபைல் விஷயமாக பேங்க் மேனேஜர்கள் போன் போட்டால், "அந்தம்மா பாத்தாச்சா சார்?" என்றுதான் கேட்பார்கள். அதைக் கேட்டதும் அவள் கழுத்து ஒரு விரற்கடை உயரும். உயரட்டுமே, சும்மா வந்ததா என்ன!

கணக்குப் பார்க்க எந்த மில்லுக்குப் போனாலும் அங்கே பச்சைத் தண்ணீர் தொட மாட்டாள். சிவப்பு பிளாஸ்க் ஒன்று கூடவே போகும். அதன் மூடியில் அவளைத் தவிர யாரும் டீ குடித்ததில்லை. "அவிய டீயக் குடிச்சிட்டு அவிய கணக்கக் கொற சொல்ல வாய் வருமா?"

கொரோனா அடங்கிய மறு வருசம் சேதுபதி அண்ணாச்சி பேங்க் கடனுக்கு ரிப்போர்ட் வாங்க ஃபைலோடு வந்தார். அவருடையது பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி. நாற்பத்தெட்டுத் தறி, அறுபது பெண்கள் வேலை. புதிதாக இருபத்துநாலு தறி இறக்க ஆசை. பழைய கடனும் புதுக் கடனும் சேர்ந்தால் மூன்று கோடி. போன வருசச் சம்பாத்தியம் ஒன்றரைக் கோடி. இரண்டே வருசத்தில் அடைந்துவிடும் என்று அவரே வகுத்து வைத்திருந்தார்.

"இது கொரோனா வருசம் அண்ணாச்சி. நீங்க சொன்ன வெலைக்கு ஆஸ்பத்திரிக்காரன் வாங்கினான். அதுக்கு முன்னால என்னைக்காவது அம்பது லட்சத்தத் தாண்டியிருக்கீகளா? அம்பதால வகுத்தா ஆறு வருசம். வீட்டுப் பத்திரத்த வேற வைக்கப் போறீக."

"ஊரே அந்த வருசக் கணக்கக் காட்டித்தான் தறி எறக்குது. எனக்கு மட்டும் என்னம்மா ஆகாத பேச்சுப் பேசுத?"

ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அவள் விடவில்லை. "ஒண்ணு மட்டும் செய்யுங்க அண்ணாச்சி. ஷெட்டுக்குள்ள போயி, ஓடாம நிக்கிற தறிய எண்ணிப் பாருங்க."

ஆடிட்டருக்கு முகம் சுண்டிவிட்டது. "செத்த மெதுவாச் சொல்லியிருக்கலாம்லா? அவிய நம்ம ஆபீசுக்கு வந்த மொத கட்சிக்காரவிய. போயிட்டாகன்னா உன்னய எப்படி வச்சிக்கிறது?"

"மெதுவாச் சொன்னாலும் ஆறு ஆறுதான் சார்."

சொல்லிவிட்டாள். மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. நாலு நாள் டிக்கெட்டின் பின்பக்கம் வெறுமனே கிடந்தது. ஆனாலும் அந்த இரண்டை எழுதிக் கொடுத்திருக்கலாமோ என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் சேதுபதி வந்தார். வேறொரு ஆபீசில் 'இரண்டு வருசம்' என்று போட்டு, சீல் வைத்து வாங்கிய ரிப்போர்ட் கையில் இருந்தது. பேங்கில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"பத்தொம்பது நிக்குது" என்றார். "நாப்பத்தெட்டுல பத்தொம்பது. ஷெட்டுக்குள்ள போயி எம்புட்டு நாளாச்சுன்னு எனக்கே தெரியலம்மா."

அவளுடைய பென்சிலை எடுத்து, மேஜையில் கிடந்த டிக்கெட்டைத் திருப்பி, மூன்று கோடி என்று எழுதினார். கீழே ஐம்பது லட்சம். வகுத்து, ஆறு என்று அழுத்தி எழுதியதில் பென்சில் முனை ஒடிந்தது.

"புதுசு வேண்டாம். நிக்கிறத ஓட்டுறதுக்கு ஒரு வழி சொல்லு."

பிரிஸ்கில்லா கவிழ்ந்து கிடந்த ரிப்போர்ட்டை ஓரமாகத் தள்ளினாள். பிளாஸ்க்கைத் திறந்து, மூடி நிறைய டீயை ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள்.