மஞ்சள் தடவிய அழைப்பிதழ்

என் வீட்டுத் துணிக்கொடியில் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு மரக் கிளிப்பு இருக்கிறது. ஈப்போ மழையில் நனைந்து நனைந்து கறுத்துவிட்டது. பிடி தளர்ந்துபோய்க் கைக்குட்டையைத் தவிர வேறெதையும் தாங்காது. தூக்கிப் போட்டால் என்ன என்று மனைவி கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை. அது தமிழ் டீச்சருடையது.

பீடோரைத் தாண்டி உள்ளே, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்துப் பள்ளியில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் தமிழ். தம் வகுப்பில் சுவருக்குச் சுவர் ஒரு கயிறு கட்டியிருந்தார். அப்பளப் பொட்டலம், ஊதுபத்தி அட்டை, கோயில் நோட்டீஸ், சமையல் குறிப்பு, பத்திரிகையில் வந்த மரண அறிவித்தல் என்று எல்லாம் அதில் மரக் கிளிப்புகளில் தொங்கும். பயிற்சிக்கு வருகிறவர்கள் இதைப் பலவகைப் பனுவல்கள் என்பார்கள். எனக்கு மளிகைக்கடை வாசல் மாதிரித்தான் தெரியும். கடை திறந்தாச்சா என்று தினமும் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே, “பாடநூலு ஒரே குரல்லதான் பேசும் சார். வீட்டுல கிடக்கிற தாளெல்லாம் வெவ்வேற குரல்ல பேசுது. பிள்ளைங்க அதையும் கேக்கட்டும்” என்பார். பிள்ளைகள் கேட்கத்தான் செய்தார்கள். நோட்டீஸை ஒலிபெருக்கிக்காரர் போலக் கத்திப் படிப்பார்கள். மரண அறிவித்தலுக்கு மட்டும் யாரும் சொல்லாமலேயே குரல் இறங்கிவிடும். அடுத்த அறையில் பெருக்கல் வாய்பாடு நடத்திக்கொண்டிருந்த எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஓர் ஆண்டு, வரப்போகும் முதலாம் ஆண்டு வகுப்புக்கு ஒரு பெயர்கூடப் பதிவாகவில்லை. பிள்ளைகள் வராவிட்டால் பள்ளியை மூடி, இருப்பவர்களை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் காதுக்கு வந்தது. டீச்சர் அந்த வாரமே அழைப்பிதழ்ப் பாடத்தை எடுத்தார். பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்ததெல்லாம் சாலைக்கு அந்தப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில்தான். அங்கே இருக்கும் வீடுகளுக்கு, பள்ளியைப் பார்க்க வாருங்கள் என்று நம் பிள்ளைகளே எழுதட்டும் என்றார். கல்யாணப் பத்திரிகையைக் கயிற்றிலிருந்து இறக்கி நடுவில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். எழுதி முடித்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் கொடுக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். டீச்சர் சிற்றுண்டிச் சாலையிலிருந்து மஞ்சள்தூள் வாங்கிவந்து குழைத்தார். ஒரு மாலையில் வீடு வீடாகப் போய், பெரியவர்கள் செய்வதுபோலவே இரண்டு கையாலும் நீட்டி, அவசியம் வந்துவிட வேண்டும் என்றார்கள். வாங்கியவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும்தான் வாங்கினார்கள். எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. வருகிறவர்களுக்காகக் கிண்டியிருந்த கேசரியை உச்சிவெயிலில் பிள்ளைகளுக்கே பங்கு வைத்தார் டீச்சர். தின்னக்கூட மனமில்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தமிழன் புத்தி அவ்வளவுதான் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

அடுத்த வாரக் கடைசியில், ஏன் வரவில்லை என்று கேட்கப் போனோம். முதல் வீட்டில் ஓர் இளம் தாய் உட்காரச் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தால், சாமி மாடத்தில் விநாயகர் படத்துக்குப் பக்கத்தில் எங்கள் அழைப்பிதழ் இருந்தது. அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தாள்.

“கோயில் நோட்டீஸுன்னு நெனச்சேன் டீச்சர். மஞ்சளெல்லாம் இருந்திச்சில்லா. பிள்ளைங்க வரச் சொன்னதும் கோயிலுக்குத்தான்னு இருந்துட்டேன். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நான் படிச்சது மலாய் ஸ்கூலு.”

தோட்டப் பள்ளியை எப்போதோ மூடிவிட்டார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள். மகளை மலாய்ப் பள்ளியில் போன திங்கட்கிழமைதான் பதிவு செய்தாளாம். பதிவும் அன்றோடு முடிந்துவிட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. படித்தவர்கள் என்று பெயர், ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டுங்கள் என்றாள். டீச்சர் மாடத்திலிருந்து எடுத்து, அந்தப் பிள்ளைகளின் குரலிலேயே படித்தார். முடிந்துபோன சனிக்கிழமைத் தேதியையும் விடவில்லை. கடைசி வரி, “நீங்கள் வந்தால் எங்கள் வகுப்பு நிறையும்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரிந்திருந்தால் வந்திருப்பேன் என்றாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற சிறுமிக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு.

“எப்பம்மா போறோம்?”

மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். திரும்பி வரும்போது காரில் டீச்சர் ஒன்றே ஒன்று சொன்னார்: “யாரும் குப்பையில போடல சார்.”

இருந்த பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். பள்ளியை மூடினார்கள். அவருக்குச் சித்தியவான் பக்கம் மாற்றல், எனக்கு ஈப்போ. கயிற்றை அவிழ்த்த அன்று ஆளுக்கொரு தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். ஒரு கிளிப்பு என் சட்டைப்பையோடு வந்துவிட்டது.

அந்தச் சிறுமி இப்போது இடைநிலைப் பள்ளியில் இருப்பாள். தெருவில் எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. நேற்றும் மழைக்கு முன் துணி எடுக்கப் போனேன். கைக்குட்டையை உருவிய பிறகு கிளிப்பு மட்டும் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. எப்போது போகிறோம் என்று அவள் கேட்டதற்கு, அந்த வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவரும் பதில் சொல்லவில்லை.