மேட்சிங் மேடத்தின் கீரைப் பை

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை ரயிலில், பெண்கள் பெட்டியில், திரிபுரசுந்தரி இருக்கிறாளா என்று பார்க்க முகத்தைத் தேட வேண்டியதில்லை. எட்டிப் பார்த்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். மாம்பழ மஞ்சளில் புடவை என்றால் ரவிக்கை, வளையல், நெற்றிப் பொட்டு, தலை கிளிப், செருப்பு வார், தோளில் தொங்கும் பை, எல்லாமே மாம்பழ மஞ்சள். மழை நாளில் குடையையும் விட்டுவைக்க மாட்டாள். பெட்டியில் அவளுக்கு மேட்சிங் மேடம் என்று பெயர். கேலிதான், ஆனால் கேலி செய்தவர்களே அடுத்த மாதம் பச்சைப் புடவைக்குப் பச்சைப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அப்புறம் அவளுக்கு என்ன குறை?

பாரிமுனைப் பக்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட் உத்தியோகம். வீடு சேலையூரில். கணவர் யக்ஞநாராயணன் வங்கியில் வேலை பார்த்தார், வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு சட்டை இருப்பதே அவருக்குத் தெரியாது. நிறத்தையெல்லாம் மனைவியிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்.

சுந்தரி சினிமா பார்க்கும் விதமே வேறு. கதாநாயகி தலைவிரி கோலமாக அழும்போது கொட்டகையே மூக்கைச் சிந்தும், இவள் மட்டும் அந்த ரவிக்கையின் முதுகில் முடிச்சு எத்தனை இழை என்று பார்த்துக்கொண்டிருப்பாள். மறுநாள் அது மேற்குத் தாம்பரம் தையற்காரரிடம் போய்விடும். தி.நகர் மேட்சிங் கடையில் துணியைக் கையில் எடுத்தால் நேராக வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். ட்யூப்லைட் பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. அவளைப் பார்த்ததும் கடைக்காரப் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவுவார்கள்.

பைகள் பர்மா பஜாரில் வாங்கியவை. தங்க நிறப் பூட்டும் வெளிநாட்டுப் பெயரும் இருக்கும், உள்ளே பிரித்தால் ஊர்க் காகிதம் திணித்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். பெட்டியில் யாரும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. ஆனாலும் சீமையிலிருந்து வந்த அசல் பொருள் ஒன்றாவது தன் தோளில் ஏறவேண்டும் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்துகொண்டே இருந்தது.

அவளுடைய தங்கை வேதாவுக்குப் பத்து வயதாகும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். சுந்தரி கல்யாணமாகி வந்தபோது தங்கையும் கூடவே வந்தாள். யக்ஞநாராயணன் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, அந்த மனிதருக்குக் கோயிலே கட்டலாம். தீபாவளிக்குத் துணி எடுத்தால் வேதாதான் முதலில் நிறத்தைத் தேர்ந்தெடுப்பாள். மிச்சமிருப்பதை சுந்தரி எடுத்துக்கொண்டு, அதற்கு மேட்சாகப் பொட்டும் வளையலும் தேடி அதையே ராணி மாதிரி ஆக்கிக்கொள்வாள். உண்மையைச் சொன்னால், மேட்சிங் பைத்தியம் பிடித்ததே அப்படித்தான்.

எண்பத்தெட்டில் வேதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பாரிஸ் நகரத்தில் வேலை. மீனம்பாக்கத்தில் வழியனுப்பும்போது வேதா அக்காவைக் கட்டிக்கொண்டு, "அக்கா, என் கையால சம்பாதிச்சு உனக்கு ஒரு பை அனுப்பறேன். அங்க சினிமா ஸ்டாரெல்லாம் மாட்டிண்டு போறாளாமே, அந்த மாதிரி பை" என்றாள்.

இது போதாதா? மறுநாளே பெட்டி முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. பல்லாவரத்தில் ஏறும் ரத்தினபாய், டெலிபோன் ஆபரேட்டர், வாய்த் துடுக்கு. தினமும் ஏறியதும் முதல் கேள்வி அதுதான். "என்ன மேடம், பாரிஸ் பை வந்துச்சா?"

இரண்டு வருஷம் கழித்து வந்தது. விடுமுறைக்கு வந்த ஒரு குரோம்பேட்டைக்காரர் கையில் வேதா கொடுத்தனுப்பியிருந்தாள். பெட்டிக்குள் இடமில்லை என்று அவர் அட்டைப் பெட்டி, உறை எல்லாவற்றையும் அங்கேயே கழித்துப் போட்டுவிட்டு, தன் பனியன்களை அடைத்துக்கொள்ள வசதியாக அந்தப் பையை வெறுமனே கொண்டுவந்திருந்தார். பனியனை எடுத்துக்கொண்டு பையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுந்தரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழுப்பு நிறம், வாய் திறந்த பை. பூட்டு இல்லை, ஜிப் இல்லை. கைப்பிடித் தோலுக்குச் சாயம்கூடப் போடவில்லை. பை முழுக்க, முன்னும் பின்னும் அடியிலும், கம்பெனியின் பெயரெழுத்துகள் பின்னிப் பின்னி அச்சடித்திருந்தன.

"ஏன்னா, இதைக் கொஞ்சம் பாருங்கோ."

யக்ஞநாராயணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டு எண்ணுகிற பக்குவத்தோடு தடவிப் பார்த்தார். "ரெக்ஸின் மாதிரி இருக்கு. கம்பெனிக்காரன் பேரை இப்படி அடிச்சிருக்கான்னா காம்ப்ளிமென்ட்டுதான். எங்க பேங்குக்கு உரக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் குடுப்பானே, அந்த மாதிரி."

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் ஊரில் பையின் மேல் கடையின் பெயர் இருந்தால் அது இனாம். ஜவுளிக்கடை மஞ்சப்பை, நகைக்கடை பர்ஸ், மருந்துக் கம்பெனி தோள்பை, எல்லாம் அந்தக் கணக்குதான். தன் பெயரை ஊரெல்லாம் சுமக்கச் சொல்பவன் அதற்குக் காசும் வாங்குவான் என்று சேலையூரில் யாருக்குத் தோன்றும்?

சுந்தரி சமையலறைக்குப் போய்க் குக்கரை ஏற்றிவிட்டு அழுதாள். நினைத்த மாதிரி பை வரவில்லையே என்று அழவில்லை. ஏதோ சாமான் வாங்கிய இடத்தில் சும்மா கொடுத்ததை அக்காவுக்குப் போதும் என்று அனுப்பிவிட்டாளே என்றுதான் அழுதாள். தன் மிச்சத்தைத்தானே அக்கா எப்போதும் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்துவிட்டாளோ?

வேதா டிரங்க் காலில் கூப்பிட்டு, "பிடிச்சிருக்காக்கா?" என்றாள். "ரொம்ப நன்னாயிருக்குடி" என்று இவள் சொன்னாள். ரயிலில் ரத்தினபாய் கேட்டால், "கொண்டுவர ஆள் கிடைக்கணுமே" என்றாள்.

கண்ணெதிரே இருந்தால் மனசு அறுத்துக்கொண்டே இருக்கும் என்று ஒரு நாள் காலையில் அந்தப் பையைக் கிளியம்மாளிடம் கொடுத்துவிட்டாள். கிளியம்மாள் மாடம்பாக்கத்திலிருந்து கீரை கொண்டுவந்து வாசல் வாசலாக விற்பவள். சொந்தக் கொல்லையில் விளைந்த கீரை, அதனால் பேரம் பேசினால் கோபம் வரும்.

"இன்னாம்மா, கெட்டியா கீதே! கம்பெனி பையா?"

"ஆமா, சும்மா வந்தது. வெச்சுக்கோ."

அன்றிலிருந்து சினிமா ஸ்டார்கள் மாட்டும் பையில் சிறுகீரையும் முளைக்கீரையும் சேலையூரைச் சுற்றி வந்தன. ஈரக் கட்டு, மழை, சேறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. பை அசைந்துகொடுக்கவில்லை, கைப்பிடி மட்டும் கறுத்துப்போயிற்று.

தொண்ணூற்றிரண்டில் வேதா லீவில் வந்தாள். வந்த மறுநாள் காலை "கீரே..." என்று குரல் கேட்க, ஆசையாக வாசலுக்கு ஓடினாள். திரும்பி வந்தவள் கையில் கீரை இல்லை.

"அக்கா, நான் அனுப்பின பை எங்க?"

சுந்தரிக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அடக்கி வைத்தது எகிறிக்கொண்டு வந்தது. "அவளுக்குத்தான் குடுத்தேன். சும்மா குடுக்கற பையை அக்காவுக்கு அனுப்பறதுக்கு நீ யோசிக்கலை. அதைக் கிளியம்மாளுக்குக் குடுக்க நான் எதுக்கு யோசிக்கணும்?"

வேதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சும்மாவா? அக்கா, குளிர்காலம் முழுக்க அந்தப் பை விக்கற கடைல நின்னுண்டே பெட்டிக்கு ரிப்பன் கட்டிக் குடுத்தேன். அந்தச் சம்பளம் மொத்தமும் அந்தப் பைதான். இவர்கிட்ட ஒரு பைசா வாங்கலை."

"அவ்வளவு பேர் அடிச்சிருக்கேடி!"

"அந்தப் பேருக்குத்தான்க்கா அங்க விலை. அது தெரியணும்னுதான் எல்லாரும் மாட்டிக்கறா."

"அவன் பேரைச் சுமக்க நாம காசு குடுக்கணுமா?" என்று யக்ஞநாராயணன் பேப்பருக்குப் பின்னாலிருந்து உண்மையிலேயே அதிர்ச்சியோடு கேட்டார்.

வேதாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. சுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வருஷமா உன்னை மனசுக்குள்ள திட்டிண்டிருந்தேண்டி" என்றாள். குளிர்காலம் முழுக்க ரிப்பன் கட்டிய விரல்கள். அவற்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"போகட்டும்க்கா. குடுத்ததைத் திருப்பிக் கேக்காதே" என்றாள் வேதா.

ஆனால் மறுநாள் காலையில் கீரைக் குரல் தெருக்கோடியில் கேட்கும்போதே சுந்தரி கேட்டருகில் நின்றாள். கேட்டும்விட்டாள்.

கிளியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "இன்னாம்மா, ஒரு தபா குட்த்துட்டு திருப்பிக் கேக்குற? நல்லா கீதே நாயம்!"

"என் தங்கை வேலை செஞ்சு எனக்காக வாங்கினது கிளியம்மா. தெரியாம குடுத்துட்டேன்."

கிளியம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கீரைக் கட்டுகளைச் சுவரின் மேல் எடுத்து அடுக்கி, பையைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினாள். "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? தங்கச்சி ஒழைச்சு குட்த்தத நான் மாட்டிக்கினு சுத்திக்கினு கீறேன். இந்தா, வெச்சுக்கோ. ஆனா எனக்கு வேற பை குடு. ஜிப்பு வெச்சதா குடு. இதுல ஜிப்பு இல்லாம சில்லறையெல்லாம் வுழுந்துகினே கீது, ஒரே பேஜாரு."

சுந்தரி அவளை உள்ளே கூட்டிப்போய் அலமாரியைத் திறந்துவிட்டாள். வரிசையாகப் பைகள். கிளியம்மாள் ஒவ்வொன்றின் ஜிப்பையும் இழுத்து மூடிச் சோதித்து, தங்கப் பூட்டு போட்ட மாம்பழ மஞ்சளைத் தேர்ந்தெடுத்தாள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அதன்பின் கீரை விலையில் சல்லிக்காசு குறைக்காமல் விற்றுவிட்டுப் போனாள்.

அந்த வாரம் வேதாவுக்கு ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசை. அக்காவோடு காலை ரயிலில் ஏறினாள். சுந்தரி வெங்காயத்தாள் பச்சையில் புடவை கட்டியிருந்தாள். தோளில் அந்தப் பழுப்புப் பை, ஓரத்தில் சேற்றுக் கறை, துவைத்தும் போகாத கீரை வாசனை. பெட்டியே திரும்பிப் பார்த்தது. இப்படி ஒரு பொருத்தமில்லாத காட்சியை அவர்கள் அவளிடம் கண்டதில்லை. உடம்பு சரியில்லையோ என்றுகூட ஒருத்தி கேட்டாள்.

பல்லாவரத்தில் ரத்தினபாய் ஏறினாள். "என்ன மேடம், இனாம் பையெல்லாம் மாட்டிக்க ஆரம்பிச்சிட்டீங்க? எந்தக் கடையில குடுத்தாங்க?"

"தங்கை குடுத்தா."

"அப்ப பாரிஸ் பை எப்ப வரும்?"

"இதுதான் அது."

பெட்டி முழுக்க ஒரே சிரிப்பு. "மேடத்துக்கு இன்னிக்கு நல்ல மூடு!" என்று ரத்தினபாய் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். இவ்வளவு காலம் பர்மா பஜார் சரக்கைச் சீமைச் சரக்கு என்று நம்பி வாயைப் பிளந்தவர்கள், இன்றைக்கு ஒருத்தரும் நம்புவதாயில்லை. சுந்தரியும் அவர்களோடு சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மனசு அத்தனை லேசாக இருந்தது.

வேதாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. காதருகில் குனிந்து, "என்ன விலைன்னு நான் சொல்லிடட்டுமாக்கா?" என்றாள்.

"வேண்டாம் விடு" என்றாள் சுந்தரி. "கையில வாங்கி ரெண்டு வருஷமாகியும் எனக்கே தெரியலை. அவாளுக்கு ரெண்டு ஸ்டேஷன்ல தெரிஞ்சுடுமா?"

பையை மடியில் வைத்துக்கொண்டாள். வேதா அதன் மேல் கையை வைக்க, அந்தக் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, அன்று அவளை வழியனுப்பிய மீனம்பாக்கம் வந்தும் விடாமல் உட்கார்ந்திருந்தாள்.