மேசன் வந்தார், சீமெந்து வரவில்லை

ஹனாவை அவளுடைய வாப்பா நசீர் வார்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது, பிள்ளையின் இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் விறைத்து நின்றன. மூன்று வயது. அழவும் பயந்துபோய்க் கிடந்தாள். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே ஓட்டோக்காரர் அது பேய்க்கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டாராம். எங்கள் டொக்டர்மார் ஏன்தான் இத்தனை வருடம் படிக்கிறார்களோ தெரியாது.

எனக்கு அவளுடைய கால்கள்தான் முதலில் ஞாபகம் வந்தன. சில வாரங்களுக்கு முன் எங்கள் சிறுவர் கிளினிக்குக்கு வந்தவள். முழங்கால்கள் வெளிப்பக்கம் வளைந்து, அசைந்தசைந்து நடந்தாள். எக்ஸ்ரேயில் எலும்பின் நுனிகள் பிய்ந்த தும்புபோலத் தெரிந்தன. ரிக்கெட்ஸ், எலும்பு உரமில்லாமல் வளைகிற நோய். டொக்டர் விட்டமின் டி ட்ரொப்ஸும் கல்சியமும் எழுதினார். இரண்டையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்று தாய் பரீனாவுக்குத் தாதியான நான் தொண்டை வறளச் சொல்லி அனுப்பினேன்.

இப்போது டொக்டர் மொனிட்டரில் கண் வைத்தபடி நாளத்தில் கல்சியத்தை மெல்ல மெல்ல ஏற்றினார். ஹனாவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

“கல்சியம் குடுத்தனீங்களோ?”

கட்டிலருகே நின்ற பரீனா புருஷனைப் பார்த்தார்.

“ட்ரொப்ஸ் ஒரு நாளும் விடல்ல மிஸ்ஸி,” என்றார் நசீர். “கல்சியத்தத்தான் நிப்பாட்டினோம். அது கிட்னியில கல்லாப் போகுமாம். எங்கட மச்சானுக்கும் கல்லுதானே.”

“மச்சான் கல்சியம் குடிச்சவரோ?”

“இல்ல. அவரு தண்ணி குடிக்கிறது குறைவு.”

“தயிராவது குடுத்தனீங்களோ?”

“சளி புடிக்கும்,” என்றார் பரீனா.

“வெயில்?”

“கறுத்துப் போவாள் என்டு மாமி வெளிய விட மாட்டா.”

கிண்ணியாத் தயிர் சட்டி சட்டியாக ஊரெல்லாம் போகிறது. அந்த ஊர்ப் பிள்ளைக்குக் கிடைப்பதோ பால் விடாத பிளேன்டீயும் விசுக்கோத்தும். மூன்று வயதுக்காரிக்கு மாப்பிள்ளை பார்க்கிற அவசரத்தில் நிறத்தைப் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டார்கள். கால்தான் கோணிப்போயிற்று.

நசீர் ஊரில் பேர்போன மேசன். அவருடைய தொழிலையே கையில் எடுத்தேன்.

“தம்பி, ஒரு வீடு கட்ட நல்ல மேசனை அனுப்பிறன். சீமெந்து அனுப்பேல்லை. சுவர் எழும்புமோ?”

“எப்பிடி எழும்பும்?”

“விட்டமின் டி மேசன். கல்சியம் சீமெந்து. நீங்கள் மேசனை மட்டும் உள்ளுக்கு விட்டிருக்கிறீங்கள். அவன் ரத்தத்தில கிடந்த கொஞ்ச நஞ்சத்தையும் அள்ளி எலும்பில பூசிப்போட்டான். ரத்தத்தில குறையத்தான் பிள்ளைக்குக் கை இழுத்தது.”

நசீர் மகளின் கையைப் பிடித்து விரல்களை விரித்து விரித்துப் பார்த்தார். “சாமான் குடுக்காம வேலை செய்யச் சொல்லியிருக்கன்,” என்றார். அதன்பிறகு அந்த வீட்டில் கல்சியத்தை நிறுத்தவில்லை. தயிரும் வந்தது, வெயிலும் வந்தது.

மாதங்கள் போயின. எக்ஸ்ரேயில் எலும்பின் நுனிகள் இறுகியிருந்தன, கால்களும் நிமிர்ந்துகொண்டு வந்தன. அன்று கிளினிக் வாங்கில் உட்கார்ந்தபடி நசீர் ஒரு புதுத் தாய்க்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“விட்டமின் டி என்டா மேசன் தங்கச்சி. கல்சியம் சீமெந்து. இது நானே யோசிச்சுக் கண்ட விசயம்.”

காலையில் இதையே சுவரொட்டியைக் காட்டி நான் சொன்னபோது கொட்டாவி விட்டவர் அந்தத் தாய். இப்போது, “அப்ப தயிரும் குடுக்கலாமா நானா?” என்று நசீரை அண்ணனாக்கிக் கேட்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என் மேசன், என் சீமெந்து என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஹனா முற்றத்து வெயிலில் ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு ஓடினாள். ஓடினாள்.

வேலைக்குப் புதிதாக வரும் தாதிமாருக்குச் சொல்ல என்னிடம் உள்ளது இவ்வளவுதான். மருந்தை இரண்டு கையாலும் கொடுங்கள், பெயரை எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும். அன்று நானும் அந்தத் தாயிடம், “ஓம், நானா சொல்லுறது சரி,” என்றேன்.