டானியேல் என் காலை உடைக்கவில்லை

என் முழங்காலை உடைத்தவன் டானியேல் அல்ல. நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு விளையாட்டு வீரனின் வாழ்க்கை பாழாயிற்று... பாழாக்கியவன் நான்!

நீங்கள் நம்ப மறுக்கலாம். ஜெர்மனியின் ரூர் பகுதியில் என்னைத் தெரிந்த தமிழர் எவரைக் கேட்டாலும் வேறு கதைதான் சொல்வார்கள். "அருமையான பெடியன். ஒரு வெள்ளையன் பொறாமையில காலை முறிச்சுப்போட்டான்." அதில் பொறாமை என்பது மட்டும் உண்மை. யாருடைய பொறாமை என்பதில்தான் பிழை.

இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டாம் பிரிவுக் கூடைப்பந்துக் குழு ஒன்றில் நான் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டு மீட்டர் உயரம். எங்கள் சனத்துக்குள் அது ஓர் அதிசயம். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னோடு நின்று படம் எடுப்பார்கள். "தம்பி, மேல குளிருதோ?" என்று கேட்காத மாமாக்கள் இல்லை. "முதற் பிரிவுக்கு எப்ப?" என்பது அடுத்த கேள்வி. "வாற வருசம்" என்பேன். நம்பித்தான் சொன்னேன்...

அந்தக் கோடையில் டானியேல் எங்கள் குழுவில் சேர்ந்தான். டிரெஸ்டன்காரன். என்னைவிட இளையவன், என்னைவிடக் கட்டை. ஆனால், என்ன ஆட்டம்! நான் உயரத்தை நம்பி ஆடினேன். அவன் அடிக்கு அஞ்சாமல் ஆடினான். நாலு பேர் மறித்து நின்றாலும் நடுவால் நுழைந்து கூடைக்குக் கீழே போய்த்தான் நிற்பான். என்னைப் பார்க்க வந்த முதற் பிரிவுக்காரர்கள் அவனைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எரிந்தது! ஒருநாள் பயிற்சியில் எனக்குப் பந்து தரவில்லை என்று சத்தம் போட்டேன். அவனும் திருப்பிப் போட்டான். மற்றவர்கள் பிடித்து விலக்க வேண்டியதாயிற்று.

அந்த வாரச் சனிக்கிழமை தமிழர் விளையாட்டு விழா. எங்கள் ஆட்கள் அங்கே கரப்பந்தாட்டத்தில், அதாவது வாலிபாலில், ஊர்ச் சங்கங்களாகப் பிரிந்து மோதுவார்கள். பிறந்தது ஜெர்மனியில் என்றாலும் அப்பாவின் ஊர்தான் உங்கள் ஊர். அந்த ஊரை நான் கண்ணாலும் கண்டதில்லை. அந்த ஊருக்காகத்தான் என் காலைக் கொடுத்தேன்!

வேறெங்கும் ஆடக்கூடாது என்பது கிளப்போடு என் ஒப்பந்தம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊர் தோற்றுக்கொண்டிருந்தபோது, சங்கத் தலைவர் சிவா அண்ணை என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நெட்டடியில சும்மா நில்லும். நீர் நிண்டாலே காணும்."

"ஏலாது அண்ணை. கிளப்புக்குத் தெரிஞ்சால் என்னைக் கலைச்சுப்போடுவாங்கள்."

"ஆர் சொல்லப்போகினம்? இஞ்ச வெள்ளைக்காரர் ஒருத்தரும் இல்லையே!"

இறங்கினேன். சனம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்தச் சத்தத்துக்காகத்தான் இறங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது... வென்றோம். கடைசிப் பந்தை அடித்துவிட்டு இறங்கியபோது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது.

ஞாயிறு முழுவதும் ஐஸ் வைத்துக்கொண்டு கிடந்தேன். திங்கட்கிழமை முழங்காலைச் சுற்றிக் கட்டி, நீளக் காற்சட்டையால் மறைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். ஏன் போனேன் தெரியுமா? யாராவது என்மேல் மோத வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். மோதியவன் டானியேல். வழக்கம்போல் கூடையை நோக்கி நுழைந்தான், அவன் தோள் என்மேல் பட்டது... பட்டதோ இல்லையோ, அலறிக்கொண்டு விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். பயிற்சியாளர் கட்டிலருகே அமர்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வேண்டுமென்று செய்தானா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தற்செயல் என்று சொல்லியிருந்தாலே போதும். என் ஒப்பந்தத்துக்கு ஒன்றும் வந்திருக்காது. யாருக்கும் கேடில்லாத அந்தப் பொய் என் நாக்கில் தயாராகவே இருந்தது. ஆனால் நான் கட்டிலில் கிடக்க, அவன் ஆடி, ஆடி, மேலே போவதை நினைத்தேன்...

"ஆம்" என்றேன்.

எங்கள் சண்டையை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதனால் என்னை நம்பினார்கள். அவன் மறுத்தான், கெஞ்சினான், கடைசியில் அழுதான் என்று கேள்விப்பட்டேன். கிளப் அவனை நீக்கியது. விசாரித்த முதற் பிரிவுக்காரர்கள் பிறகு அவன் பக்கம் திரும்பவில்லை.

விளையாட்டு விழா நடந்த அந்த மைதானத்தில் எத்தனை தமிழர் நின்றார்கள்! யார் வீட்டில் யார் கோபம் என்பதெல்லாம் பொழுது விடியுமுன் ஊருக்குத் தெரிந்துவிடும் சனம், என் விடயத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் எங்கள் பகுதிக்குப் பக்கத்திலிருக்கும் ஊன்ட்றொப் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போனேன். சிவா அண்ணை என் தோளைத் தடவி, "அந்த நாசமறுவான் உம்மை இப்படிச் செய்துபோட்டானே!" என்றார். அவர் நடிக்கவில்லை. என் பொய்யை அவர் உண்மையாகவே நம்பத் தொடங்கியிருந்தார். நானும் தலையாட்டினேன். வெட்கம்... வெட்கம்!

கால் தேறியது, பழைய எழுச்சி வரவில்லை. ஒரு பருவம் பெரும்பாலும் மாற்று ஆளாக வாங்கில் இருந்தேன். பிறகு என்னையும் அனுப்பிவிட்டார்கள். அதற்கு நான் அழவில்லை. எனக்கு வந்தது நானே தேடிக்கொண்டது.

சில வருடங்களின் பின் டோட்முண்டில் ஒரு தளபாடக் கடைக்கு அலுமாரி வாங்கப் போனேன். அதை வண்டியில் ஏற்ற வந்தவன் டானியேல். முகத்தைப் பார்க்குமுன் என் காலைத்தான் பார்த்தான்.

"வலிக்கிறதா?" என்றான்.

"குளிர்காலத்தில் கொஞ்சம்."

கையுறைகளைக் கழற்றினான். சின்னச் சின்னக் குழுக்களில் சில காலம் ஆடினானாம். கூடையை நெருங்கும்போதெல்லாம் உடம்பு தானாக நின்றுவிடுமாம். எதிரே நிற்பவனின் கால் உடைந்துவிடுமோ என்ற பயமாம்.

"நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று உன்மேல் கோபத்தில் இருந்தது உண்மை. யோசிக்க யோசிக்க எனக்கே தெரியவில்லை. ஒருவேளை செய்திருப்பேன். நீ பொய் சொல்ல ஏது காரணம்?"

இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கடை வாசலில் வேறு யாரும் இல்லை. இழக்க எனக்கு ஒப்பந்தமும் இல்லை. ஒரே ஒரு வசனம்... அவன் தன் கைகால்களைத் திரும்ப நம்பியிருப்பான்!

"என்னை மன்னிப்பாயா?" என்று கேட்டான்.

கேட்கிறீர்களா? நான் அவனை மன்னித்தேன். கையைக் குலுக்கி, தோளில் தட்டி, மன்னித்துவிட்டு வந்தேன்.